ஹாப்லைட்டை குட்டி மாசிடோனியன் மாதிரி வைக்கிறதை மாத்தலாமா? – ரோம் டோட்டல் வார் மாட் விவாதம்

கேடயம்77

எல்லாருக்கும் வணக்கம். ரோம் டோட்டல் வார் கேமோட முதல் பாகத்துக்கு பெலோபொனேசியப் போரை, அதாவது ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் மோதின போரை வச்சு ஒரு மாட் (கேமை நம்ம இஷ்டத்துக்கு மாத்துற ஃபைல் தொகுப்பு) பண்ணிட்டு இருக்கேன், கிமு 431ல ஆரம்பிச்சு 404ல ஏதென்ஸ் சரணடையுற வரைக்கும். மேப், நகரங்கள் எல்லாம் ஒரு நிலைக்கு வந்தாச்சு, இப்ப கை வச்சிருக்கிறது ஹாப்லைட் யூனிட்ல, அதாவது பெரிய வட்டக் கேடயமும் ஈட்டியும் வச்ச கிரேக்கக் காலாட்படையில, அதைப் பத்தித்தான் உங்க எல்லாரோடயும் பேசணும்.

ஒரிஜினல் கேம்ல ஹாப்லைட்டை செலக்ட் பண்ணி ஃபேலன்க்ஸ் (நெருக்கமான ஈட்டி வரிசை) பட்டனை அமுக்கினா எல்லாரும் ஈட்டியை இறக்கி முன்னாடி நீட்டிடுவாங்க, முனைகளா ஒரு வேலி வந்துடும், அப்படியே மெதுவா நடப்பாங்க, எதிரி தானா வந்து அதுல ஏறி சாவான். பார்க்க நல்லா இருக்கு, ஆனா அது ஹாப்லைட் சண்டை இல்ல, அது மாசிடோனியாவோட சரிசாங்கிற நீள ஈட்டிப் படை. சரிசா நாலரை அஞ்சு மீட்டருக்கு மேல போகும், ரெண்டு கையாலயும் பிடிக்கணும், கேடயம் சின்னது, அது தோள்லேர்ந்து வார்ல தொங்கும், பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸ் கணக்குப்படி முதல் ஆளுக்கு முன்னாடி 5 வரிசை முனை நீட்டிட்டு இருக்கும். ஹாப்லைட் கையில இருக்கிற டோரிங்கிற ஈட்டி ரெண்டு, ரெண்டரை மீட்டர் தான், ஒரே கையில பிடிக்கிறது. ரெண்டாவது வரிசை ஆளோட முனையே எதிரியை எட்டுறது கஷ்டம், இதுல அஞ்சு வரிசை வேலி எங்கேர்ந்து வரும்?

இதனால கேம்ல என்ன ஆகுதுன்னா, முன்பக்கம் யாராலயும் உடைக்க முடியாத யூனிட்டா மாறிடுது, தெருவுல ரெண்டு யூனிட்டை நிறுத்தினா ஒரு ராணுவத்தையே முடிச்சிடலாம். நிஜத்துல ரெண்டு ஹாப்லைட் வரிசை மோதும், ஒண்ணு பயந்து உடையும், ஓடும், அத்தோட முடிஞ்சுது. அந்த உடையுற தருணம் தான் எனக்கு மாட்ல வேணும். எப்படி கொண்டு வர்றது?

மாட்_மணி

ஃபார்மேஷன் வரியில இருக்கிற ஃபேலன்க்ஸை எடுத்துடுங்க தம்பி, முதல் வேலை அதுதான். யூரோபா பார்பரோரம் (ஈபி) மாட் டீம் எப்பவோ இதைச் செஞ்சுட்டாங்க, அவங்க ஹாப்லைட்டுக்கு ஃபேலன்க்ஸ் பட்டனே கிடையாது, ஈட்டியை தோளுக்கு மேல தூக்கி குத்துற அனிமேஷன், ஆளுங்க நெருக்கமா நிப்பாங்க. ஃபேலன்க்ஸ் மாசிடோனியன் யூனிட்டுக்கு மட்டும் தான்.

அப்புறம் ஈடியூ ஃபைல்ல (யூனிட்டோட எண்கள் எல்லாம் இருக்கிற ஃபைல்) ஆளுக்கு ஆள் இடைவெளியை குறைங்க. பக்கவாட்டுல ஒரு மீட்டருக்கு உள்ள கொண்டு வாங்க, கேடயமே 80லேர்ந்து 100 சென்டிமீட்டர் அகலம், அதுக்கு மேல தள்ளி நின்னா கேடயத்துக்கு அர்த்தமே இல்ல. லெத்தாலிட்டியையும் (ஒரு அடி ஆளைக் கொல்ற வாய்ப்பு) இறக்குங்க, இல்லேன்னா ஃபேலன்க்ஸ் போன உடனே முப்பது செகண்டுல ரெண்டு பக்கமும் செத்துடுவானுங்க. ஸ்பார்ட்டன் ஹாப்லைட்டுக்கு ஒரிஜினல்ல 2 ஹிட் பாயின்ட் குடுத்திருப்பாங்க, அதையும் 1 ஆக்குங்க, ஸ்பார்ட்டாக்காரனுக்கு மட்டும் ரெண்டு உயிரா இருந்தது?

பழைய_சேவ்

நான் கொஞ்சம் மாத்துக் கருத்து சொல்றேன், யாரும் தப்பா எடுத்துக்க வேணாம். ஃபேலன்க்ஸை எடுத்துட்டா ஹாப்லைட்டுக்கும் மத்த ஈட்டிக்காரனுக்கும் என்ன வித்தியாசம்? ஈபி ஆடும்போது எனக்கு இருந்த பெரிய குறையே அதுதான், கிரேக்கப் படைன்னு ஒரு தனி முகம் இல்லாம போச்சு, நல்ல கவசம் போட்ட சாதா ஈட்டிப்படை மாதிரி ஆயிடுச்சு. பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் பக்கம் பக்கமா எழுதினது, பாரசீகப் படை மேல மாரத்தான்ல 192 பேர் மட்டும் இழந்து ஜெயிச்சது, பிளாட்டியா, இதுக்கெல்லாம் பின்னாடி ஏதோ ஒரு கட்டமைப்பு இருந்திருக்கணும்ல. அதை கேம் பட்டனா குடுத்துச்சு. உருவம் தப்பா இருக்கலாம், ஆனா "இவங்க சேர்ந்து நின்னா வேற மாதிரி"ங்கிற உணர்வு சரியா தான் வந்துச்சு.

இன்னொண்ணு ஏஐ. பட்டன் இல்லாத யூனிட்டை ஏஐ எப்படியோ ஓட்டிடும், ஆனா நெருக்கமான இடைவெளி குடுத்தா திரும்பும்போது ஒருத்தன் மேல ஒருத்தன் ஏறி குழம்பும், நானே பார்த்திருக்கேன்.

தீப்ஸ்_ரசிகை

பழைய சேவ் அண்ணா கேட்டது நியாயமான கேள்வி. தனி முகம் வேணும், ஆனா அது ஈட்டியில இல்ல, கேடயத்துல இருக்கு.

ஆஸ்பிஸை, அதாவது ஹாப்லைட்டோட கேடயத்தை, கொஞ்சம் கிட்டத்துல பாருங்க. மரத்துல குழிவா செஞ்ச பெரிய வட்டம், வெளிய மெல்லிய வெண்கலத் தகடு, ஆறேழு கிலோ வரும். உள்ள நடுவுல ஒரு பட்டை, அதுக்குள்ள முன்னங்கையை முழங்கை வரைக்கும் நுழைக்கணும், விளிம்போரம் ஒரு கயிறு, அதை விரலால பிடிக்கணும். முழங்கை நடு மையத்துல உட்கார்றதால கேடயத்துல பாதி தான் நம்மளை மறைக்கும், மீதி பாதி இடது பக்கம் வெளிய நீட்டிட்டு இருக்கும், அது பக்கத்துல நிக்கிறவனுக்கு. விளிம்பை தோள் மேல சாய்ச்சு வெயிட்டை இறக்கிக்கலாம், குழிவா இருக்கிறதால தான் அது முடியுது. ஓடுறப்போ இதை மாதிரி தொல்லை வேற இல்ல, அதனால தான் தோத்தவன் முதல்ல தூக்கிப் போடுறது கேடயத்தை.

ஏதென்ஸ்ல அகோரா மியூசியத்துல ஒண்ணு இருக்கு, கிமு 425ல பைலோஸ்ல ஸ்பார்ட்டாக்காரங்ககிட்டேர்ந்து பிடிச்சது, "பைலோஸ்ல லாசிடமோனியர்கள்கிட்டேர்ந்து ஏதெனியர்கள்"ங்கிற மாதிரி (லாசிடமோனியர்னா ஸ்பார்ட்டாக்காரங்க தான்) வெண்கலத்துல குத்திக் குத்தி எழுதியிருப்பாங்க. நசுங்கி துருவேறி இருக்கு, ஆனா சைஸ் தெரியும். உங்க மாடலர் அந்த போட்டோவை ஒரு தடவை பார்த்துட்டு மாடல் பண்ணட்டும், நிறைய மாட்ல கேடயம் தட்டு மாதிரி தட்டையா இருக்கு, அந்த குழிவு வரவே மாட்டேங்குது.

ஈட்டி மேலயா கீழயாங்கிற சண்டைக்கு நான் ரொம்ப வரல. சிகி ஜாடிங்கிற பழைய கிரேக்க ஜாடியில, கிமு 650 வாக்குல வரைஞ்சது, ரெண்டு வரிசையும் ஈட்டியை தலைக்கு மேல தூக்கிட்டு தான் வர்றாங்க, நடுவுல ஒரு பையன் ஆலோஸ் குழல் ஊதுறான். நெருங்கி நிக்கிறப்ப இடுப்பு உயரத்துல பிடிச்சா ஈட்டி அடியில இருக்கிற சாரோட்டர்ங்கிற கூர்முனை பின் வரிசைக்காரன் வயித்துல போய் நிக்கும், கேடயம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருந்தா குத்த இடமும் இருக்காது. தனியா நிக்கிறப்ப, ஓடுறவனை துரத்துறப்ப கீழ் பிடி வந்திருக்கும். மாட்ல மேல் பிடியை வைங்க, போதும்.

கேடயம்77

அக்கா அந்த இடது பக்கம் நீட்டுற விஷயம் தான் எனக்கு தூக்கம் வராம பண்றது. அந்தக் காலத்து வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் மான்டினியா சண்டையில (ஸ்பார்ட்டாவும் ஆர்கோஸ் கூட்டணியும் மோதினது), கிமு 418, அதை அப்படியே எழுதி வச்சிருக்கார். எல்லா படையும் முன்னேறும்போது வலது பக்கமா நகர்ந்துகிட்டே போகுமாம், ஏன்னா ஒவ்வொருத்தனும் தன்னோட மூடாத வலது பக்கத்தை பக்கத்து ஆளோட கேடயத்துக்குள்ள ஒளிச்சுக்கப் பார்க்கிறான், இதை ஆரம்பிச்சு வைக்கிறது வலது கோடியில நிக்கிற முதல் ஆள், அவனுக்கு வலது பக்கம் யாருமே இல்ல, அந்த பயத்துல அவன் நகர, அவனைத் தொட்டு எல்லாரும் நகர்றாங்க. கடைசியில ரெண்டு படையும் ஒருத்தரோட இடது ஓரத்தை ஒருத்தர் தாண்டிப் போயிடும்.

அன்னிக்கு ஸ்பார்ட்டா ராஜா ஏஜிஸ் இதைப் பார்த்துட்டு இடது பக்கத்துல இருந்த ஸ்கிரிட்டேங்கிற படையையும் பிராசிடாஸ்ங்கிற ஸ்பார்ட்டா தளபதியோட பழைய ஆளுங்களையும் இன்னும் இடது பக்கம் தள்ளச் சொல்றார், அங்க விழுற ஓட்டையை அடைக்க வலது பக்கத்துலேர்ந்து ஹிப்போனாய்டாஸ், அரிஸ்டோக்லிஸ்னு ரெண்டு தளபதிகளை ஆளுங்களோட போகச் சொல்றார். எதிரி கிட்ட வந்தாச்சு, இந்த நேரத்துல போக முடியாதுன்னு அவங்க ரெண்டு பேரும் நகரவே இல்ல. ஓட்டை அப்படியே இருந்துச்சு, மான்டினியாக்காரங்களும் ஆர்கோஸோட 1000 பேர் கொண்ட தேர்ந்த படையும் அது வழியா உள்ள புகுந்து வண்டி நிக்கிற இடம் வரைக்கும் அடிச்சுட்டு போனாங்க. ஆனாலும் மத்த இடத்துல ஸ்பார்ட்டா ஜெயிச்சுது. அந்த ரெண்டு தளபதிகளையும் பின்னாடி கோழைன்னு நாடு கடத்திட்டாங்க.

இவ்ளோ பெரிய விஷயத்துல ஒரு துளி கூட எந்த கேம்லயும் இல்ல. என்னால கொண்டு வர முடியுமா?

மாட்_மணி

நகர்றதை கொண்டு வர முடியாது, எஞ்சின்ல அதுக்கு இடமே இல்ல. ஆனா அதோட விளைவைக் கொண்டு வரலாம், அதுக்கு எஞ்சின் ஏற்கெனவே தயாரா இருக்கு. ரோம் முதல் பாகத்துல பாதுகாப்பு மூணு எண்ணா பிரிஞ்சிருக்கும், கவசம், திறமை, கேடயம். கவசம் எல்லா திசையிலயும் வேலை செய்யும், கேடயம் முன்பக்கமும் இடது பக்கமும் மட்டும் தான். வலது பக்கம் அடிச்சா கேடயம் கணக்குலயே வராது. துசிடிடீஸ் சொன்னதும் இதே தானே.

அதனால ஹாப்லைட்டோட மொத்த பாதுகாப்புல பாதிக்கு மேல கேடயத்துல வைங்க, கவசத்தை குறைங்க. அப்ப வலது பக்கம் மாட்டின யூனிட் டக்குனு சரியும், இடது பக்கம் மாட்டினது கொஞ்ச நேரம் தாங்கும். ஆடுறவன் தானா வலது ஓரத்துல நல்ல படையை நிறுத்தக் கத்துக்குவான், நிஜ கிரேக்க தளபதிங்களும் அதைத்தான் செஞ்சாங்க, வலது ஓரம் தான் கௌரவமான இடம். பல மாட்ல கவசத்தை 11, 12ன்னு ஏத்தி வச்சு இந்த அழகையே கொன்னுடறாங்க. பெலோபொனேசியப் போர் காலத்துல நிறைய பேர் பழைய வெண்கல மார்புக் கவசமே போடல, பைலோஸ்ங்கிற கூம்புத் தொப்பி, துணி, கேடயம், அவ்ளோதான், அதனால வரலாறும் உங்க பக்கம் தான்.

அணிவகுப்பு

ஒத்திஸ்மோஸ் பத்தி யாரும் இன்னும் பேசலையே, கேடயத்தை வச்சு தள்ளுறது. டீலியம்ல, கிமு 424, தீப்ஸ்காரங்க பகோன்டாஸ் தலைமையில 25 வரிசை ஆழமா நின்னாங்க, ஏதென்ஸ் 8. தள்ளித் தள்ளி கொஞ்சம் கொஞ்சமா பின்னாடி அனுப்பினாங்கன்னு தெளிவாவே எழுதியிருக்கு. லியூக்ட்ராவுல, கிமு 371, தீப்ஸ் தளபதி எபமினோன்டாஸ் 50 வரிசை வச்சார், எதிர்ல ஸ்பார்ட்டா 12க்கு மேல போகல. கூட்டமான பஸ்ல பின்னாடி இருந்து தள்ளு வந்தா முன்னாடி நிக்கிறவன் கால் தானா நகருமே, அதுதான் இது. அதனால மாட்ல ஆழம் ஜாஸ்தியா இருக்கிற யூனிட்டுக்கு தள்ளுற சக்தி வேணும், சோல்ஜர் வரியில மாஸ் (எடை) மதிப்பை ஏத்தினா அது கிடைக்கும்.

தீப்ஸ்_ரசிகை

அணிவகுப்பு, உங்க படத்துல ஒரு பாதி தான் எனக்கு சரியாப் படுது. மொத்த 25 பேரும் ஒருத்தன் முதுகுல ஒருத்தன் கேடயத்தை வச்சு உடம்பால தள்ளினாங்கன்னு எடுத்துக்கிட்டா முன்னாடி நிக்கிறவன் ஈட்டியை ஆட்டக்கூட முடியாது, மூச்சு விட முடியாது, கொஞ்ச நேரத்துல அவன் எதிரி இல்லாமலே செத்துடுவான். இதைப் பத்தி ஆராய்ச்சியாளர்களுக்குள்ள 1980கள்லேர்ந்து பெரிய சண்டையே நடக்குது, ஒரு பக்கம் நிஜமான உடல் தள்ளுன்னு சொல்றாங்க, இன்னொரு பக்கம் அது மொத்தமா முன்னேறி அடிக்கிறதுக்கு எழுத்துல சொன்ன விதம்னு சொல்றாங்க. எனக்கு ரெண்டாவது பக்கம் தான் மனசு போகுது, முன்வரிசையில கேடயம் கேடயத்தோட முட்டினது நிஜம், அதை மறுக்கல, டீலியத்துல அது நடந்திருக்கு.

அப்ப ஆழம் எதுக்குன்னு கேப்பீங்க. ஓடாம இருக்கிறதுக்கு. முன்னாடி நிக்கிறவன் பின்னாடி பார்த்தா 24 பேர் நிக்கிறாங்க, ஓட வழியும் இல்ல, ஓடத் தோணவும் தோணாது. நல்ல ஆளுங்களை முன்னாடியும் கடைசியிலயும் நிறுத்து, மோசமானவங்களை நடுவுல வை, முன்னாடி இருக்கிறவன் இழுத்துட்டு போவான் பின்னாடி இருக்கிறவன் தள்ளிட்டு வருவான்னு கிரேக்க எழுத்தாளர் ஜெனோஃபோன் எழுதி வச்சிருக்கார். எட்டு வரிசை படையில ஏழாவது ஆள் கழண்டுக்கிட்டா சங்கிலி அறுந்துடும், அம்பது வரிசையில நடுவுல ஒருத்தன் பயந்தாலும் வெளிய தெரியாது.

அதனால மாஸை லேசா ஏத்துங்க, ஆனா தீப்ஸ் யூனிட்டுக்கு பெரிய வித்தியாசம் மொரேல்ல (ஓடாம நிக்கிற மன உறுதி) குடுங்க. மாஸை ரொம்ப ஏத்தினா குதிரைப்படை வந்து மோதி பின்னாடி தெறிக்கும், அது இன்னும் அசிங்கம்.

பழைய_சேவ்

சரி, இது எனக்குப் பிடிச்சிருக்கு. பட்டனுக்கு பதிலா மொரேல்ல தனி முகம். அப்ப ஸ்பார்ட்டாவோட முகம் என்ன? வெறும் ஜாஸ்தி அட்டாக்கா?

கேடயம்77

அட்டாக்கை ஏத்தவே போறதில்ல அண்ணா. ஸ்பார்ட்டாக்காரன் தனி ஆளா பெரிய வீரன்னு அந்தக் காலத்துக்காரங்களே பெருசா சொல்லல, அவங்க வியந்தது ஒழுங்கைப் பார்த்து. மான்டினியாவுல ஆர்கோஸ் கூட்டணி வேகமா ஆவேசமா பாய்ஞ்சு வருது, ஸ்பார்ட்டாக்காரங்க குழல் சத்தத்துக்கு அடி வச்சு மெதுவா வர்றாங்க, வரிசை உடையாம இருக்கத்தான் அந்த குழல், சாமிக்காக இல்லன்னு துசிடிடீஸ் தனியா சொல்றார். மத்த நகரத்துக்காரங்க எல்லாம் விவசாயி, குயவன், கடைக்காரன், சொந்தக் காசுல கேடயம் வாங்கிட்டு வந்தவங்க, சேர்ந்து பயிற்சின்னு பெருசா எதுவும் கிடையாது. கிமு 401ல குனாக்ஸாவுல பாருங்க, கூலிக்கு சண்டை போடுற அனுபவசாலிங்க தான், ஆனாலும் வரிசையில ஒரு பகுதி முன்னாடி பிதுங்கினதும் பின்தங்கினவங்க ஓட ஆரம்பிச்சு கடைசியில எல்லாரும் கத்திக்கிட்டே ஓடினாங்க.

ஈடியூல மென்டல் வரியில மொரேலுக்கு அப்புறம் ரெண்டு சொல் வரும்ல, ஒண்ணு ஒழுங்கு, இன்னொண்ணு பயிற்சி. பயிற்சி தான் யூனிட் எவ்ளோ நேரா நிக்கும்ங்கிறதை முடிவு பண்ணுது. குடிமக்கள் ஹாப்லைட் எல்லாருக்கும் பயிற்சி இல்லாதவன்னு போட்டுட்டேன், டெஸ்ட் பண்ணிப் பார்த்தேன், வரிசை அப்படியே கோணலா அலை அலையா போகுது, ஸ்பார்ட்டா யூனிட் மட்டும் நூல் பிடிச்ச மாதிரி வருது. எதிர்ல நின்னு பார்க்கும்போது ஒரு எண்ணைக் கூட மாத்தாம பயம் வருது. ஆர்கோஸோட 1000 பேரும் அரசாங்க செலவுல நீண்ட காலம் பயிற்சி எடுத்தவங்க, அவங்களுக்கும் நடுத்தரமா குடுத்திருக்கேன்.

லைட்_ட்ரூப்ஸ்

நல்ல இழை. ஆனா எல்லாரும் ஹாப்லைட்டையே பார்த்துட்டு இருக்கீங்க. டீலியத்துல பியோஷியா (தீப்ஸும் அதைச் சுத்தின நகரங்களும்) பக்கம் 7000 ஹாப்லைட், 10,000க்கு மேல லேசான படை, 1000 குதிரை, 500 பெல்டாஸ்ட் (சின்னக் கேடயத்தோட ஈட்டியெறியுறவங்க). அதாவது ஹாப்லைட்டை விட கல்லெறியுறவன் ஈட்டியெறியுறவன் தான் ஜாஸ்தி. பிளாட்டியாவுல ஹெரோடோட்டஸ் கணக்குப்படி 5000 ஸ்பார்டியேட் (முழுக் குடியுரிமை உள்ள ஸ்பார்ட்டாக்காரங்க), ஆளுக்கு 7 ஹெலட் (ஸ்பார்ட்டாவோட அடிமை உழவர்கள்), மொத்தம் 35,000 ஹெலட். எந்த மாட்ல இந்த விகிதம் இருக்கு? எல்லா மாட்லயும் இருபது யூனிட்ல பதினாறு ஹாப்லைட், ரெண்டு ஜாவலின், ரெண்டு குதிரை.

ஸ்ஃபாக்டீரியா தீவுல, கிமு 425, ஸ்பார்ட்டா ஹாப்லைட் 420 பேர் மாட்டினாங்க. ஏதென்ஸ்காரன் கிட்ட போகவே இல்ல, வில்லு, ஈட்டி, கல்லு, எட்ட நின்னே அடிச்சான், இவங்க துரத்தினா அவன் ஓடுவான், இவங்க நின்னா திரும்ப வருவான், எரிஞ்சு போன காட்டோட சாம்பல் புழுதி வேற கண்ணை மறைக்குது. கடைசியில 292 பேர் சரணடைஞ்சாங்க, அதுல 120 பேர் ஸ்பார்டியேட். கிமு 390ல லெக்கேயம்ல ஏதென்ஸ் தளபதி இஃபிக்ரேட்டிஸோட பெல்டாஸ்ட் இதே மாதிரி 600 பேர் கொண்ட மோராங்கிற ஸ்பார்ட்டா படைப்பிரிவை சிதைச்சாங்க, 250 பேர் வரைக்கும் செத்தாங்க. ஹாப்லைட்டோட எல்லையைக் காட்டலேன்னா அவன் பலமும் புரியாது.

ஒரே ஒரு எச்சரிக்கை. ஜாவலினை பலமா ஆக்கிட்டா ஆடுறவன் பத்து யூனிட் ஜாவலின் எடுத்துட்டு போய் எல்லாத்தையும் முடிச்சிடுவான். நிஜத்துல அந்த ஹெலட், அந்த ஏழைக் குடிமகன் எல்லாம் பயிற்சியோ மொரேலோ இல்லாதவங்க, முன்னாடி ஒரு குதிரை வந்தா கூட நிக்க மாட்டாங்க. அதனால கூட்டமா, மலிவா, கொஞ்சம் அடி வாங்கினாலே ஓடுற மாதிரி வைங்க. இஃபிக்ரேட்டிஸ் மாதிரி கூலி பெல்டாஸ்ட் மட்டும் அபூர்வமா, விலை ஜாஸ்தியா இருக்கட்டும்.

மாட்_மணி

இதோட மொரேலை முடிச்சிடலாம். வரலாற்று ஆய்வாளர் பீட்டர் கிரென்ட்ஸ் 1985ல கணக்கு போட்டார், ஹாப்லைட் சண்டையில ஜெயிச்சவன் பக்கம் சராசரி 5 சதவீதம், தோத்தவன் பக்கம் 14 சதவீதம் சாவு. டீலியத்தையே எடுத்துக்கங்க, பியோஷியா பக்கம் 500க்கு கொஞ்சம் கம்மி, ஏதென்ஸ் ஹாப்லைட் 1000க்கு கொஞ்சம் கம்மி, ரெண்டு பக்கமும் 7000 பேர் வாக்குல இருந்தாங்க, கிட்டத்தட்ட அந்த விகிதம் தான். நம்ம கேம்ல தோத்தவன் பக்கம் 80, 90 சதவீதம் செத்துடறான், அப்புறம் கேம்பெய்ன்ல ஒரே சண்டையோட நாடே காலி.

அதனால குடிமக்கள் ஹாப்லைட் மொரேலை நீங்க நினைக்கிறதை விட கீழ இறக்குங்க. லெத்தாலிட்டி கம்மி, மொரேல் கம்மி, கேடயம் ஜாஸ்தி. அப்ப ரெண்டு வரிசையும் முட்டிக்கிட்டு கொஞ்ச நேரம் நிக்கும், பெருசா யாரும் சாக மாட்டாங்க, ஓரத்துல ஒரு யூனிட் ஆடும், பக்கத்துல இருக்கிறது அதைப் பார்த்து ஆடும், மொத்தமா சரியும். முக்கால்வாசி சாவு ஓடும்போது முதுகுல விழுற அடியில வரணும். நீங்க முதல் போஸ்ட்ல கேட்ட அந்த உடையுற தருணம் இதுல கிடைக்கும். துரத்துறதுக்கு ஸ்பார்ட்டா யூனிட்டை கொஞ்சம் மெதுவாக்குங்க, அவங்க எதிரி ஓடினதும் ரொம்ப தூரம் துரத்த மாட்டாங்கன்னு துசிடிடீஸே சொல்றார்.

பெயின்ட்_பாக்ஸ்

டெக்ஸ்சர் பண்றவன் நான், ஒரு வேண்டுகோள். எல்லா ஸ்பார்ட்டா கேடயத்துலயும் லாம்ப்டா (Λ) எழுத்து போடச் சொல்றீங்க, உங்க காலத்துக்கு அது சரி, யூபோலிஸ்ங்கிற ஏதென்ஸ் நகைச்சுவை நாடகக்காரரோட ஒரு வரியில தான் அதுக்கு ஆதாரம், அவர் கிமு 5ம் நூற்றாண்டு கடைசிப் பகுதி. தெர்மோபிலே சண்டைக்கு மாட் பண்றவங்க கிமு 480லயும் அதைப் போடறாங்க, அதுக்கு ஆதாரம் கிடையாது.

மத்த நகரத்துக்கு ஆளுக்கு ஒரு படம் கலந்து போடறேன், சேவல், பாம்பு, கோர்கான் முகம், காளைத் தலை, ஏன்னா சொந்தக் கேடயம், அவனவன் இஷ்டம். சிசியோனுக்கு மட்டும் சிக்மா எழுத்து. இதுக்கு ஜெனோஃபோன்ல ஒரு அருமையான இடம் இருக்கு, கிமு 392ல கொரிந்துல பாசிமாக்கஸ்னு ஒரு ஸ்பார்ட்டா குதிரைப்படை தலைவன், சிசியோன்காரங்க தோத்து ஓடுறதைப் பார்த்துட்டு குதிரைகளை மரத்துல கட்டிப்போட்டு, அவங்க கேடயத்தையே வாங்கிட்டு இருக்கிற கொஞ்சம் பேரோட ஆர்கோஸ்காரங்களை எதிர்த்து நடந்து போறான். வர்றது சிக்மா போட்ட கேடயம், சிசியோன்காரன் தானேன்னு ஆர்கோஸ்காரங்க பயப்படாம நிக்கிறாங்க. இந்த சிக்மா உங்களை ஏமாத்தப் போகுதுன்னு சொல்லிட்டே மோதி அங்கயே செத்துப் போறான். யூனிட் டிஸ்கிரிப்ஷன்ல இதை நான் எழுதிக் குடுக்கிறேன், விட மனசு வரல.

அணிவகுப்பு

ஆள் எடுக்கிற முறையைப் பத்தியும் பேசிடுவோம். ஸ்பார்டியேட் யூனிட்டை காசு இருந்தா எத்தனை வேணா எடுக்கலாம்னு விட்டா மத்த எல்லாம் வீண். கிமு 480ல 8000 பேர்னு ஹெரோடோட்டஸ், லியூக்ட்ராவுல இருந்ததே 700 பேர், அதுல 400 பேர் ராஜா கிளியோம்ப்ரோட்டஸோட சேர்ந்து செத்தாங்க, அதுக்கு அப்புறம் ஸ்பார்ட்டா எழுந்திருக்கவே இல்ல. ஒரிஜினல் கேம் ஆரம்பிக்கிற கிமு 270க்கு அப்புறம் கொஞ்ச காலத்துல மொத்தமே 700 ஸ்பார்டியேட்டுக்கு மேல இல்லன்னு புளூட்டார்க் எழுதறார், ஆனா கேம்ல 200 வருஷத்துக்கு தயாரிச்சுட்டே இருக்கலாம். அதே ஸ்பார்ட்டாவுல கிமு 220கள்ல கிளியோமினிஸ் ராஜா 4000 பேருக்கு சரிசா பிடிக்கக் கத்துக் குடுத்துட்டார், கடைசி காலத்துல அவங்களே பழைய ஹாப்லைட் முறையை விட்டாச்சு.

மெடிவல் 2 எஞ்சின்ல ஓடுற யூரோபா பார்பரோரம் 2ல எடுக்கக் கிடைக்கிற ஆள் கையிருப்பு மெதுவா நிரம்பும், ரோம் 2க்கு இருக்கிற டிவைட் எட் இம்பெரால மக்கள்தொகை வகுப்பு வாரியா குறையும். உங்க எஞ்சின்ல ரெண்டும் இல்ல. என்ன பண்ணப் போறீங்க?

கேடயம்77

பழைய எஞ்சின்ல இருக்கிற ஒரே வழி ஆள் எடுத்தா நகரத்தோட மக்கள்தொகை குறையுறது, அதைத்தான் பிடிச்சுக்கப் போறேன். ஸ்பார்ட்டா நகரத்தோட வளர்ச்சியை கிட்டத்தட்ட பூஜ்யத்துல வைக்கிறேன், ஸ்பார்டியேட் யூனிட் அங்க மட்டும், எடுக்க 4 டர்ன். ரெண்டு சண்டையில இழந்தா கேம்பெய்ன் முழுக்க அந்த காயம் தெரியும். பெரியோய்கோய் (ஸ்பார்ட்டாவுக்குக் கீழ, முழுக் குடியுரிமை இல்லாத சுதந்திர மக்கள்) ஹாப்லைட்டும், பிராசிடாஸ் கூட்டிட்டுப் போன மாதிரி விடுதலை குடுத்த ஹெலட் ஹாப்லைட்டும் அந்த இடத்தை நிரப்பும். ஏதென்ஸுக்கு ஹாப்லைட் தாராளம், கிமு 431ல ஏதென்ஸ் தலைவர் பெரிக்ளிஸ் 13,000 பேர் களத்துக்கும் கோட்டை காவலுக்கு 16,000 பேரும்னு கணக்கு சொன்னாரே, ஆனா முதல் சில வருஷத்துலயே கொள்ளைநோய் ஸ்கிரிப்ட் வரும், அதுல மொத்த கணக்கும் மாறும்.

இப்ப வரைக்கும் முடிவானது: ஃபேலன்க்ஸ் பட்டன் யாருக்கும் இல்ல, மேல் பிடி அனிமேஷன், கேடயத்துல பாதிக்கு மேல பாதுகாப்பு, குடிமக்கள் மொரேல் 5, ஆர்கோஸ் ஆயிரம் 8, ஸ்பார்டியேட் 12, தீப்ஸுக்கு 7ம் லேசா மாஸும். லேசான படை பாதி விலை, மொரேல் 2. இடைவெளி விஷயத்துல பழைய சேவ் அண்ணா சொன்ன குழப்பம் வராம இருக்க 0.9ல நிறுத்திட்டேன், அதுக்கு கீழ போனா தான் திரும்பும்போது சிக்குது.

பழைய_சேவ்

அந்த எண்ணை எல்லாம் போட்டு ஒரு டெஸ்ட் ஃபைல் குடுங்க தம்பி, நான் ஏஐ எப்படி ஆடுதுன்னு கஸ்டம் பேட்டில்ல பார்த்து சொல்றேன். ஸ்பார்ட்டா வலது ஓரம், எதிர்ல ஆர்கோஸ், அப்படி.

தீப்ஸ்_ரசிகை

ஹிஸ்டாரிகல் பேட்டில்னு ஒண்ணு வைக்கிறதா இருந்தா தயவுசெஞ்சு டீலியத்தை எடுங்க. நீங்க இங்க பேசின எல்லாம் அதுல இருக்கு. மேடு, ரெண்டு ஓரத்துலயும் ஓடை இருந்ததால கடைசி யூனிட்டுங்க மோதவே இல்ல. ஏதென்ஸோட வலது ஓரம் தீப்ஸ் பக்கம் நின்ன தெஸ்பியாக்காரங்களை சுத்தி வளைச்சு நசுக்குது, அந்த குழப்பத்துல வட்டம் போட்டு வந்த ஏதென்ஸ்காரங்களே ஒருத்தரை ஒருத்தர் அடையாளம் தெரியாம குத்திக்கிறாங்க. அந்தப் பக்கம் தீப்ஸ் 25 வரிசையோட தள்ளிட்டு வருது. பகோன்டாஸ் ரெண்டு பிரிவு குதிரையை மேட்டுக்குப் பின்னாடி மறைவா சுத்தி அனுப்பறார், அது திடீர்னு மேட்டு மேல தெரிஞ்சதும் ஜெயிச்சுட்டு இருந்த ஏதென்ஸ் ஓரம் இன்னொரு ராணுவமே வருதுன்னு நினைச்சு உடையுது, பொழுது சாயுற நேரம், இருட்டினதால தான் நிறைய பேர் தப்பிச்சாங்க.

கேடயம்77

அதையே எடுக்கிறேன் அக்கா. மேட்டோட பின்சரிவுல குதிரையை ஒளிச்சு வச்சு, ஏதென்ஸ் வலது ஓரம் முன்னேறினதும் வெளிய வர்ற மாதிரி ஸ்கிரிப்ட் எழுதிப் பார்க்கிறேன், நேரத்தை சாயங்காலமா வைக்கிறேன். பெயின்ட் பாக்ஸ், தெஸ்பியாவுக்கும் தீப்ஸுக்கும் வித்தியாசம் தெரியுற மாதிரி டெக்ஸ்சர் வேணும், ஆனா தெஸ்பியாவும் ஏதென்ஸும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கட்டும், அந்த குழப்பம் ஆடுறவனுக்கும் வரணும். டெஸ்ட் ஃபைலை இந்த இழையிலேயே போடறேன்.